யா என்றால் கடை: ஜப்பானில் எந்த வாசலில் என்ன கிடைக்கும்

வெளிநாட்டு நகரங்களில் 'ஜப்பானிய உணவகம்' என்று பலகை மாட்டிய இடத்துக்குப் போனால் சுஷி, ராமென், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புரா, சுட்ட கோழிக் குச்சி எல்லாம் ஒரே மெனு அட்டையில் இருக்கும். அந்தப் பழக்கத்தோடு டோக்கியோவிலோ ஒசாகாவிலோ இறங்கினால் முதல் நாளே குழம்பிப்போவோம். ஒழுங்கான சுஷிக் கடையில் ராமென் கிடைக்காது. ராமென் கடையில் டெம்புரா இருக்காது. அங்கே பெரும்பாலான கடைகள் ஒரே பண்டத்தைப் பிடித்துக்கொண்டு அதையே வருடக்கணக்கில் செய்துகொண்டிருப்பவை.

ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்த பிறகு "சூடா என்ன இருக்கு?" என்று கேட்பது நம் வழக்கம். ஜப்பானில் அது தலைகீழ். என்ன சாப்பிடுவது என்பதைத் தெருவிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குரிய கடையைத் தேடிப் போக வேண்டும். கடையின் பெயரே பாதி வழியைக் காட்டிவிடும். 'யா' என்ற பின்னொட்டுக்குக் கடை என்று பொருள். சுஷி-யா, சோபா-யா, ராமென்-யா, உனாகி-யா: முன்னால் பண்டம், பின்னால் கடை. 'சகாயா' என்றால் மதுக்கடை. அதற்கு முன்னால் 'இருத்தல்' என்ற பொருளில் ஓர் 'இ' சேர்ந்தால் இசகாயா, அதாவது உட்கார்ந்து குடிக்கும் கடை.

வாசலைப் படிப்பது

கடை முகப்பில் தொங்கும் பிளவுபட்ட துணித் திரைக்கு நொரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது; உள்ளே எடுத்துவிட்டார்கள் என்றால் வியாபாரம் இல்லை. உள்ளே விளக்கு எரிகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது என்பதை நம்பி நுழையக் கூடாது. பல கடைகள் மதியம் 2 மணிக்கு மூடி, மாலை 5 மணிக்கு மறுபடி திறக்கும். நடுவில் சமையல் ஏற்பாடுதான் நடக்கும். சிவப்புக் காகித விளக்கு தொங்கினால் அது பெரும்பாலும் இசகாயா அல்லது யாகிதோரி (சுட்ட கோழிக் குச்சி) கடை.

சில கடைகளின் கண்ணாடி அலமாரியில் சாப்பாட்டின் மாதிரிகள் இருக்கும். பளபளக்கும் இறால், கிண்ணத்திலிருந்து அந்தரத்தில் தூக்கி நிற்கும் நூடுல்ஸ் என்று பார்த்தால் நிஜம் போலவே தெரியும். முன்பு மெழுகில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். 1932-ல் ஒசாகாவில் இதை ஒரு தொழிலாகத் தொடங்கிய இவாசாகி தாகிசோவின் சொந்த ஊர் குஜோ ஹாச்சிமான். இன்றும் அந்தச் சிற்றூர் இந்த மாதிரிகளுக்குப் பேர்போனது. மொழி தெரியாதவர்களுக்கு இந்த அலமாரி பெரிய துணை. பணியாளரை வெளியே கூப்பிட்டு விரலால் காட்டினால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் "இராஷ்ஷாய்மாசே" என்று குரல் வரும். வாருங்கள் என்று அர்த்தம்; பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் என்று விரலால் காட்டி, உட்காரச் சொல்லும் இடத்தில் உட்கார வேண்டும். தண்ணீரும் தேநீரும் பெரும்பாலும் இலவசம். டிப்ஸ் கிடையாது, மேசையில் சில்லறை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். பில் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலருகே உள்ள கல்லாவில் பணம் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்டால் நுகர்வு வரி 10 சதவீதம், பொட்டலம் கட்டினால் 8 சதவீதம்.

ராமென், கியூடோன் (மாட்டிறைச்சிச் சோறு), நின்றபடி சாப்பிடும் சோபாக் கடைகளில் வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் நிற்கும். பழைய இயந்திரங்களில் முதலில் பணத்தைப் போட வேண்டும்; அதற்குப் பிறகுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். 5,000, 10,000 யென் தாள்களைப் பல இயந்திரங்கள் வாங்குவதில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய 1,000 யென் தாளைக்கூடத் துப்பிவிடும் கிழட்டு இயந்திரங்கள் உண்டு. ஆகவே 100, 500 யென் நாணயங்கள் கையில் இருக்கட்டும். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் மேல் வரிசையின் இடது ஓரம்: கடையின் முதன்மைப் பண்டம் வழக்கமாக அங்கேதான் இருக்கும்.

நூடுல்ஸ் கடைகள் ஒரே வகை அல்ல

சோபா, உடோன், ராமென் மூன்றையும் 'நூடுல்ஸ்' என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மாவு வேறு, சாறு வேறு, கடையின் போக்கே வேறு.

சோபா பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்வது. பெயரில் வீட் இருந்தாலும் அது கோதுமைக் குடும்பம் இல்லை. பக்வீட் மாவு பசை பிடிக்காது. தனியாகப் பிசைந்து அறுத்தால் எளிதில் முறிந்துபோகும். அதனால் எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை சேர்த்துப் பிசைவது பரவலான முறை, அதற்கு நி-ஹாச்சி என்று பெயர். கோதுமையே சேர்க்காத சோபா ஜூவாரி. கோதுமை ஒவ்வாதவர்கள் ஜூவாரி என்று கேட்டு வாங்கினாலும் தொட்டுக்கொள்ளும் சாற்றில் சோயா சாஸ் இருக்கும், அதில் கோதுமை உண்டு. பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ இந்தக் கடையே ஆகாது. ஒரே கொப்பரையில் சோபாவும் உடோனும் வேகும் இடங்களும் உண்டு.

குளிர்ந்த சோபா மூங்கில் தட்டில் வரும். பெயர் ஸாரு அல்லது மோரி. பக்கத்தில் சிறு கிண்ணத்தில் கறுப்புச் சாறு, அதுதான் ட்சுயு. சாற்றை நூடுல்ஸ் மேல் கொட்டிவிடக் கூடாது. டோக்கியோப் பக்கத்து ட்சுயு உப்புக் கனமானது. ஒரு வாய் சோபாவை எடுத்து நுனி மட்டும் தோய்த்து உறிஞ்ச வேண்டும். சத்தம் வரத்தான் செய்யும். காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது பக்வீட்டின் மணம் மூக்குக்கு ஏறும் என்பதால் அந்தச் சத்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஒரு சிறு கெண்டியில் வெந்நீர் மாதிரி கலங்கலாக ஒன்று வரும். அது சோபா வெந்த நீர், சோபா-யு. நம் வடிகஞ்சியின் உறவு. மிச்சமிருக்கும் ட்சுயுவில் அதை ஊற்றி, உப்பு தணிந்ததும் குடிக்க வேண்டும். கை கழுவக் கொடுத்தது என்று நினைத்து ஒதுக்கிவிடுபவர்கள் கடையின் கடைசி ருசியை விட்டுவிடுகிறார்கள்.

சூடான கிண்ணமும் உண்டு. கிட்சுனே என்றால் இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு (சோயாப் பாலைத் திரித்த கட்டி) மேலே இருக்கும். தானுகி என்றால் டெம்புராவின் உதிர்ந்த மாவுத் துளிகள். ஒசாகாவில் தானுகி என்று கேட்டால் டோஃபு போட்ட சோபா வரும். ஊர் மாறினால் பெயரும் மாறும்.

உடோன் கோதுமை மாவு. தடித்து வெளுத்து, மெல்லும்போது பல்லுக்கு எதிர்ப்புக் காட்டும். ஷிகோகு தீவின் ககாவா மாகாணத்துச் சானுகி உடோன்தான் அதிகம் பேசப்படுவது. அந்தப் பாணிக் கடைகளில் நாமேதான் தட்டைப் பிடித்து வரிசையில் நகர வேண்டும். முதலில் அளவைச் சொல்லி உடோன் வாங்கி, அடுத்து அடுக்கி வைத்திருக்கும் டெம்புராவை இடுக்கியால் எடுத்து, கடைசியில் பணம் கொடுத்துவிட்டு இஞ்சித் துருவலும் வெங்காயத்தாளும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவருக்குச் சிறிய அளவே போதும். பெரியது என்று சொன்னால் இரண்டு மூன்று உருண்டை நூடுல்ஸ் வந்து இறங்கும்.

இந்த இரண்டு கடைகளின் உயிரும் டாஷி என்ற சாற்றில் இருக்கிறது. கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி, கட்சுவோபுஷி என்ற சூரை மீன் சீவல் இரண்டையும் சேர்த்து எடுப்பது. சூரையை வேகவைத்து, புகையிட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்துச் சீவுகிறார்கள். இலங்கைச் சமையலில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசியும் இதே மீனை இதே வழியில் பதப்படுத்தியதுதான். ஜப்பானில் கூடுதலாகப் பூஞ்சை ஏற்றி மாதக்கணக்கில் முதிர வைக்கும் உயர்ரகமும் உண்டு. மாசியின் வாசனை தெரிந்தவர்களுக்கு டாஷி அந்நியமாகப் படாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு, 20 முதல் 30 கிராம் மீன் சீவல் என்பது பொதுவான கணக்கு. கொம்பை அரை மணி நேரம் ஊறவைத்து மெதுவாகச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழவழப்பும் ஒரு மாதிரிக் கசப்பும் இறங்கும். பிறகு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, சீவலைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் வடிக்க வேண்டும். சக்கையைப் பிழிந்தால் கவிச்சி வந்துவிடும். 1908-ல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே கொம்பிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மீன் சீவலில் இருப்பது இனோசினேட். தனித்தனியாக மெலிந்த சுவையுள்ள இரண்டும் சேர்ந்தால் பல மடங்கு தூக்கலாகும். டாஷியில் இரண்டு பொருள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ராமென் சீனத்திலிருந்து வந்து ஜப்பானில் வளர்ந்தது. கோதுமை மாவில் கன்சுய் என்ற அல்கலைன் நீர் சேர்ப்பதால் மஞ்சள் நிறமும் ரப்பர் மாதிரித் துள்ளலும் வரும். கிண்ணத்தின் அடியில் முதலில் தாரே என்ற செறிந்த உப்புச் சாறு, அதன் மேல் எலும்புச் சூப், பிறகு நூடுல்ஸ், மேலே பன்றியிறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, முட்டை. பெயர்ப் பலகையில் வரும் ஷியோ, ஷோயு, மிசோ மூன்றும் தாரேயின் வகைகள்: உப்பு, சோயா சாஸ், புளித்த சோயா விழுது. நான்காவதாகச் சொல்லப்படும் டொன்கொட்சு மட்டும் தாரே அல்ல, பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெள்ளைச் சூப். அதை டொன்காட்சு என்று சொல்லிவிட்டால் பொரித்த பன்றியிறைச்சிக்கு வழிகாட்டிவிடுவார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

டொன்கொட்சு ராமெனுக்குப் பேர்போன, ஃபுகுவோகா நகரத்து ஹகாட்டாவில் நூடுல்ஸ் மெல்லிசு. சீக்கிரம் வெந்து, சீக்கிரம் சூப்பை உறிஞ்சிக் குழைந்துவிடும். அதனால்தான் முதலில் கொஞ்சமாகவே போடுவார்கள். முடிந்ததும் "காயேதாமா" என்றால் இன்னொரு பிடி நூடுல்ஸ் மட்டும் வரும். சூப்பை முழுக்கக் குடித்துவிட்டுக் காயேதாமா கேட்பது வீண். வேக்காட்டையும் கேட்பார்கள்: ஃபுட்சு என்றால் சாதாரணம், காத்தா என்றால் கெட்டி, பாரிகாத்தா என்றால் அதைவிடக் கெட்டி. முதல்முறை காத்தா சரியாக இருக்கும்.

ராமென் கடையில் எட்டுப் பத்து இருக்கைதான். வெளியே வரிசை நிற்கும்போது சாப்பிட்டு முடித்துக் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாகரிகம் இல்லை. பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள்.

சுஷி: கவுண்டரும் பெல்ட்டும்

இன்று நாம் சுஷி என்று சொல்லும் சோற்றுப் பிடியும் அதன்மேல் மீன் துண்டும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடைப் பண்டமாகப் பரவியவை. பிடித்துச் செய்வதால் நிகிரி. சோறுக்கு ஷாரி என்றும் மேலே வைப்பதற்கு நேட்டா என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். நல்ல கடையை மீனைவிடச் சோறு காட்டிக்கொடுக்கும். வினிகரும் உப்பும் கலந்த அந்தச் சோறு உடம்புச் சூட்டில், கையில் நின்று வாயில் உதிர வேண்டும். குளிர்ந்து கட்டியாக இருந்தால் முன்பே பிடித்து வைத்தது.

கவுண்டர் கடையில் ஒமகாசே என்றால் எல்லாவற்றையும் சமையல்காரர் விருப்பத்துக்கு விடுவது. விலையை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய கடைகளில் ஆளுக்கு 20,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். கையால் எடுத்துச் சாப்பிடலாம். சோயா சாஸில் மீன் பக்கத்தைத்தான் தோய்க்க வேண்டும். சோற்றைத் தோய்த்தால் உறிஞ்சிப் பிரிந்து கிண்ணத்திலேயே விழும். வசாபி என்ற காரமான பச்சை விழுதை மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் அவரே தடவியிருப்பார். வேண்டாமென்றால் "சாபி நுகி" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தட்டோரத்து இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைத் துடைத்துக்கொள்வதற்கு. வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் மீனின் மணத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறார்.

கைதென்-சுஷி என்பது தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் கடை. ஷிராய்ஷி யோஷியாகி பியர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து யோசித்து, 1958-ல் ஒசாகாப் பகுதியில் முதல் கடையைத் திறந்தார். இப்போது பெரும்பாலும் தொடுதிரையில் சொன்னால் தட்டு நேராக நம் இருக்கைக்கு வந்து நிற்கிறது. தட்டின் நிறம்தான் விலை. கடைசியில் அடுக்கை எண்ணிப் பில் போடுவார்கள். ஒரு தட்டு 100 யென் சொச்சத்தில் தொடங்கும். இருக்கைக்கு எதிரே கறுப்புப் பொத்தானோடு ஒரு சிறு குழாய் இருக்கும். அதில் வருவது கொதிநீர், பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு டீ கலப்பதற்கு. கை கழுவும் குழாய் என்று நினைத்துக் கையை நீட்டிச் சுட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒற்றைப் பண்டக் கடை என்ற விதியை உடைப்பவை இந்தப் பெல்ட் கடைகள். அங்கே ராமெனும் கேக்கும்கூடக் கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே சௌகரியம்.

எண்ணெய்ச் சட்டியும் கரி அடுப்பும்

டெம்புரா 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்த பொரிப்பு முறையிலிருந்து வளர்ந்தது என்பார்கள். நம் பஜ்ஜி போலத்தான் தெரியும், ஆனால் மாவின் குணம் நேர் எதிர். பஜ்ஜிக்குக் கடலை மாவு தடிமனாகப் பிடிக்க வேண்டும். இங்கே கோதுமை மாவு, முட்டை, ஐஸ் தண்ணீர் மூன்றையும் கட்டி கட்டியாகத் தெரியும்போதே கலக்குவதை நிறுத்திவிடுவார்கள். அதிகம் கலக்கினாலோ தண்ணீர் சூடேறினாலோ கோதுமையின் பசை கிளம்பி, பொரித்த பின் ரொட்டி மாதிரி ஆகிவிடும். காய்க்கு எண்ணெய் 160 முதல் 170 டிகிரி, இறாலுக்கு 180 டிகிரி. டெம்புராக் கடையில் கவுண்டருக்கு முன்னால் பொரித்து ஒவ்வொன்றாக வைப்பார்கள். வைத்தவுடன் சாப்பிட வேண்டும், படம் பிடித்து முடிப்பதற்குள் நமத்துப்போகும். சோற்றுக் கிண்ணத்தின் மேல் அடுக்கி இனிப்புச் சாறு ஊற்றினால் அது டெண்டோன், மலிவு.

டொன்காட்சுக் கடையில் இரண்டே கேள்வி: ரோசு வேண்டுமா, ஹிரே வேண்டுமா. ரோசு கொழுப்பு ஓரம் உள்ள முதுகுப் பகுதி, ஹிரே கொழுப்பில்லாத மிருதுவான பகுதி. முட்டைக்கோஸ் துருவலும் சோறும் பல கடைகளில் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

உனாகி-யா விலாங்கு மீனுக்கு மட்டுமான கடை. டோக்கியோப் பக்கம் முதுகில் கீறி, ஆவியில் வேகவைத்து, பிறகு சுடுவார்கள், மெத்தென்று இருக்கும். ஒசாகாப் பக்கம் வயிற்றில் கீறி, ஆவி காட்டாமல் நேராகச் சுடுவார்கள்; தோல் மொறுமொறுக்கும். மெனுவில் பைன், மூங்கில், பிளம் என்று மூன்று தரம் போட்டிருப்பது பெரும்பாலும் மீனின் அளவுக்குத்தான், ருசிக்கு இல்லை. சொன்ன பிறகு சுடும் கடையில் அரை மணி நேரம் காத்திருக்க நேரிடும். விலையும் 3,000 யென்னுக்குக் குறைந்து நல்லதாகக் கிடைப்பது கடினம்.

யாகிதோரிக் கடையில் கோழியின் ஓர் அங்கமும் வீணாவதில்லை. தொடைக்கு மோமோ, இடையிடையே வெங்காயத்தாள் கோத்ததற்கு நெகிமா, தோலுக்கு காவா, ஈரலுக்கு ரெபா, கோழிக் கல்லுக்கு (நாம் மணிக்கல் என்று எடுத்துப் பொரிப்பது) சுனாகிமோ, அரைத்து உருட்டியதற்கு ட்சுகுனே. உப்பா, தாரே சாஸா என்று மட்டும் கேட்பார்கள். ஈரலுக்குத் தாரேயும் தோலுக்கு உப்பும் பொருந்தும் என்பது என் கட்சி. குச்சியிலிருந்து எல்லாவற்றையும் உருவித் தட்டில் கொட்டிப் பங்கு போட்டால் ஆறிப்போவதோடு, கோத்தவரின் கணக்கும் பாழ்: பெரிய துண்டு நுனியில், சிறியது அடியில் என்று அவர் பார்த்துக் கோத்திருப்பார்.

இசகாயா

பல பண்டம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் இசகாயாதான். பச்சை சோயாக் காய், சஷிமி (பச்சை மீன் துண்டுகள்), பொரித்த கோழி, டோஃபு, சாலட் என்று சிறு தட்டுகளாக வரவழைத்து நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். குடிப்பது முதன்மை, சாப்பாடு துணை. ஆனாலும் மது தொடாதவர்கள் ஊலாங் டீ சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். ஏதாவது ஒரு பானம் சொல்வது மரியாதை. மது அருந்தச் சட்டப்படியான வயது 20.

புதியவர்கள் சண்டைக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதோ வரும். ஒட்டோஷி என்று பெயர். இலவசம் இல்லை, ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். இருக்கைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டால் மனம் ஆறும். நொமிஹோதாய் என்பது குறிப்பிட்ட நேரத்துக்கு, பெரும்பாலும் 90 அல்லது 120 நிமிடத்துக்கு, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாடு. வழக்கமாக மேசையில் இருக்கும் எல்லோருமே அதில் சேர வேண்டும். குடிக்காதவர்களுக்கும் சேர்த்துக் காசு போகும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் உணவகங்களுக்குள் புகைக்கத் தடை வந்தாலும் பழைய சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. வாசல் ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரியும்.

கல்லில் ஊற்றுவது

ஒகொனொமியாகியைப் 'ஜப்பானிய பீட்சா' என்று எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அடையோ முட்டைக்கோஸ் போட்ட ஊத்தப்பமோ தெரிந்தவர்களுக்குப் பீட்சா எதற்கு? ஒசாகாக் கடைகளில் மேசையிலேயே இரும்புக் கல் பதித்திருக்கும். மாவுக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு நம்மையே ஊற்றச் சொல்லும் கடைகளும் உண்டு. ஒருவருக்கு 100 கிராம் கோதுமை மாவு, அதே அளவு டாஷி, ஒரு முட்டை, 150 கிராமுக்கு மேல் முட்டைக்கோஸ், கொஞ்சம் வழவழக் கிழங்குத் துருவல். கிண்ணத்தை அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பத்துப் பதினைந்து முறை கலக்கினால் போதும். இரண்டு செ.மீ. தடிமனில் வட்டமாக ஊற்றி, மேலே பன்றியிறைச்சித் துண்டுகளைப் பரப்பி, நாலைந்து நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். ஓரம் உலர்ந்ததும் இரண்டு தோசைக் கரண்டிகளால் ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு கை பரபரக்கும், அழுத்தத் தோன்றும். அழுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் போய்விட்டால் நடுவில் மாவு மாவாக நிற்கும். கடைசியில் சாஸ், மயோனைஸ், பாசித் தூள், மேலே மீன் சீவல். சூட்டில் அந்தச் சீவல் நெளிவது உயிரோடு இருப்பதால் அல்ல, அவ்வளவு மெல்லிசு.

ஹிரோஷிமாவில் கலக்க மாட்டார்கள், அடுக்குவார்கள்: கீழே தோசை போல மெல்லிய மாவு, மேலே மலையாக முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை. அதைக் கடைக்காரரே செய்வார். திருப்புவது நம்மால் ஆகிற காரியம் இல்லை.

சோற்றுக் கிண்ணமும் கறியும்

அவசரத்துக்கு கியூடோன்: சோற்றின் மேல் மாட்டிறைச்சியும் வெங்காயமும். பெரிய சங்கிலிக் கடைகள் சிலவற்றில் 24 மணி நேரமும் கிடைக்கும், 500 யென் அளவில் முடியும். முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் டெய்ஷோகுக் கடை; சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு முதன்மைப் பண்டம் சேர்ந்த செட். இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப். சோற்றில் சாப்பிடும் குச்சிகளை நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

மேற்கத்தியச் சமையலை ஜப்பான் தன் வசமாக்கிக்கொண்ட கடைகள் யோஷோகு-யா. ஆம்லெட்டுக்குள் தக்காளிச் சோறு, குழம்போடு இறைச்சி வடை. கறியும் இந்த வழியில் வந்ததுதான். நம் 'கறி' ஆங்கிலேயர் வாயில் புகுந்து, அவர்கள் கப்பலோடு மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானுக்குப் போய் 'கரே' ஆகியிருக்கிறது. வெண்ணெயிலோ கொழுப்பிலோ மாவை வறுத்துக் கெட்டியாக்கிய, இனிப்புத் தூக்கிய குழம்பு அது. இந்திய முறைக் கறிக்கு வேறு வரலாறு: வங்கப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் வழியாக 1927-ல் டோக்கியோ ஷின்ஜுகுவின் நகமுராயா கடை அதைப் பரிமாறத் தொடங்கியது, 1949-ல் கேரளத்துக்காரரான ஏ. எம். நாயர் கின்சாவில் திறந்த கடை இன்றும் நடக்கிறது.

கைசெகி

கைசெகி பல சுற்றாக வரும் விருந்து; இங்கே மெனுவே கிடையாது. பருவத்தை ஒட்டிச் சிறு பாத்திரங்களில் வரிசையாக வரும்: முன்தட்டு, மூடிய கிண்ணத்தில் சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது, கடைசியில் சோறும் ஊறுகாயும் மிசோ சூப்பும், பழம். சோறு வந்துவிட்டால் சாப்பாடு முடியப்போகிறது என்று அர்த்தம். தனி அறைகளோடு இதைப் பரிமாறும் ரியோடெய்களில் சில, தெரிந்தவர் அறிமுகம் இல்லாமல் புதியவர்களை ஏற்பதில்லை. கவுண்டரில் சமையல்காரர் எதிரே உட்காரும் கப்போக் கடை கொஞ்சம் இளக்கமானது. மதியச் சாப்பாட்டுக்குப் போனால் இரவு விலையில் பாதியோ அதற்கும் குறைவாகவோ முடியும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

காய்கறி உடோன், டோஃபு, மிசோ சூப் என்று பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. மேலே சொன்ன டாஷி எல்லாவற்றிலும் இருக்கிறது. சுஷிக் கடையில் வெள்ளரி சுருட்டிய கப்பா-மாகி தப்பிக்கும். சுரைக்காய்ப் பட்டை சுருட்டியதும் பொரித்த டோஃபுப் பையில் அடைத்த இனாரியும் பெரும்பாலும் டாஷியில் வெந்தவை. கறிக் குழம்பின் கட்டியில் விலங்குக் கொழுப்பு சகஜம். ஹலால் பார்க்கிறவர்கள் ட்சுயுவிலும் தாரேயிலும் சேரும் மிரின், சாகே என்ற மதுவகைகளையும் கவனிக்க வேண்டும்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் சாற்றைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "நிகு தோ சகானா வா தாபேராரேமாசென். கட்சுவோ டாஷி மோ தாமே தேசு" என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது, மீன் டாஷியும் கூடாது. கூட்ட நேரத்தில், சாற்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் கடையில் இதைச் சொன்னால் முடியாது என்றுதான் பதில் வரும். அது முகச்சுளிப்பு இல்லை. அவர்களிடம் வேறு சாறே இல்லை.

தயக்கமில்லாமல் போகக்கூடிய இடம் ஷோஜின் ரியோரி, பௌத்த மடச் சமையல். இறைச்சி, மீன் இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. டாஷி கொம்பிலும் காய்ந்த ஷீத்தாகே காளானிலும் எடுக்கப்படும். எள்ளை அரைத்துக் குட்சுக் கிழங்கு மாவோடு கிண்டி உறையவைத்த கோமா-தோஃபு இதன் சிறப்பு. விடாமல் கிளறவில்லை என்றால் அடிபிடித்துக் கட்டி தட்டும், அல்வா கிண்டுகிற அதே பாடு. கியோட்டோவின் சில மடங்களிலும் வகாயாமா மாகாணத்துக் கோயா மலையிலும் கிடைக்கும். கோயாவில் மடத்திலேயே தங்கலாம். இரவுச் சாப்பாடு மாலை ஆறு மணிக்குள்ளாகவே வைத்துவிடுவார்கள். கடைசி கேபிள் காரைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தாமதித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போகும், வெளியே கடைகளும் அதற்குள் மூடியிருக்கும்.